பிலிமை வையுங்கள், விரலைப் பாருங்கள்

தாரமங்கலத்தில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். விசைத்தறி ஓட்டியவர். வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நான் உட்காருவதற்குள் அவருடைய மருமகன் பீரோவிலிருந்து எம்ஆர்ஐ பிலிமை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "வெள்ளையாத் தெரியுதுங்களே, அத்தனையும் செத்துப்போச்சுங்க. கை இனி வராதுன்னு படத்துலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்குங்க பிசியோவுக்குத் தண்டச் செலவு?" கட்டிலில் கிடந்தவர் அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே இருந்த அவருடைய வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்ல நீண்டு மடங்கின. அந்த வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. ஆத்தூரிலிருந்து பரமத்திவேலூர் வரை எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். ஸ்கேனில் தெரிந்துவிட்டதாம், இனித் தேறாதாம். காதுகுத்துக்கு முன்பே ஜாதகம் எழுதி வைக்கிற ஊர்தானே இது! இப்போது மூளைக்கும் ஒன்று எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

படத்தை வைத்துக் கையின் எதிர்காலத்தைச் சொல்ல முயன்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கேத்தி ஸ்டினியர் குழு 2012இல் ஒரு கணிப்பு முறையை வெளியிட்டது. முதலில் தோளைத் தூக்கச் சொல்வார்கள், விரலை நீட்டச் சொல்வார்கள். அதில் தேறாதவர்களுக்கு மட்டும் தலையில் காந்தத் துடிப்பு கொடுத்துக் கை துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லாதவர்களுக்குத்தான் கடைசியாக எம்ஆர்ஐ. 2017இல் அதே குழு அந்த எம்ஆர்ஐயையும் தூக்கிவிட்டது. படுக்கையருகே நின்று போடுகிற ஒரு மதிப்பெண்ணே அந்த இடத்துக்குப் போதும் என்றது. அப்போதும் கணிப்பு சரியாக இருந்தது நான்கில் மூன்று பேருக்குத்தான். எம்ஆர்ஐயை வைத்து முறை வகுத்தவர்களே அது வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். இங்கே நாம் பிலிமைப் பார்த்து ஒரு மனிதனின் கைக்குக் கணக்குத் தீர்க்கிறோம்!

விரலுக்கே மறுபடியும் வருகிறேன். நெதர்லாந்தில் 188 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வு சொன்னது இது: வாதம் வந்த இரண்டாம் நாளில் விரலைக் கொஞ்சம் நீட்டவும் தோளைக் கொஞ்சம் விலக்கவும் முடிந்தவருக்கு, ஆறு மாதத்தில் கை ஓரளவாவது வேலை செய்ய 98 சதவீத வாய்ப்பு. இரண்டும் முடியாதவருக்கும் 25 சதவீதம் இருந்தது. நம் வீடுகளில் அந்த 25ஐப் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறோம்.

படத்தில் தெரிகிற திட்டின் அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புப் பாதை குறுகலாக ஓடும் இடத்தில் சின்னப் புள்ளி விழுந்தாலும் கை முழுதாக விழும். வேறிடத்தில் பெரிய திட்டு இருந்தும் கை நன்றாக வேலை செய்யும். வாதமே வராத வயசாளிகள் பலர் தலையிலும் பழைய தழும்புகள் இருக்கின்றன. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அது தெரியவருகிறது. அவர்கள் சந்தைக்கும் போகிறார்கள், தோட்டத்துக்கும் போகிறார்கள்.

ஸ்கேன் உண்மையில் உயிர் காக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்த்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட, வாதம் வந்ததிலிருந்து நாலரை மணி நேரம். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? புறா ரத்தம் தேடி அலைகிறோம், எண்ணெய் தேய்க்கிறோம், எந்த ஆஸ்பத்திரி என்று பங்காளிகளைக் கூட்டிப் பேசுகிறோம். ஸ்கேன் வேண்டிய நேரத்தில் வேண்டாமென்கிறோம். வேலை முடிந்தபின் அந்தப் பிலிமைப் பீரோவில் வைத்துச் சாமி கும்பிடுகிறோம்.

பிசியோவை நிறுத்திவிட்டு வீட்டாரே கையைக் காலைப் பிடித்துவிட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு நடந்த ஆய்வு 2017இல் லான்செட்டில் வந்தது. வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களையே பயிற்சி கொடுக்க வைத்ததால் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற கை வேண்டும், திரும்பத் திரும்ப வேண்டும், அதுவும் முதல் சில மாதங்களில் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். எங்களூருக்கு ஸ்கேன் மெஷின் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறவர்கள், எங்கள் ஒன்றியத்துக்கு இன்னும் இரண்டு பிசியோ பணியிடம் வேண்டும் என்று ஏன் ஒரு மனு கொடுப்பதில்லை?

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கேன் அறிக்கையை வரி வரியாக எழுதுகிறீர்கள். தோள் எவ்வளவு விலகுகிறது, விரல் எவ்வளவு நீள்கிறது என்று தமிழில் ஒரு வரி அதன் கீழே எழுதி, அதைக் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டி அனுப்புங்கள்.