மடை அறிந்து நீர் பாய்ச்சுவோம்

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பது நம் பெரியோர் வாக்கு. கணினிக்கு வெளியே கிராபிக்ஸ் அட்டையை இணைப்பது பற்றித் தோழியர் பேசக் கேட்கும்போதெல்லாம் இம்மொழியே என் நினைவுக்கு வருகிறது.

அது என்ன அட்டை? திரையில் தோன்றும் படங்களை வேகமாகக் கணக்கிட்டு வரைந்து தருவதே கிராபிக்ஸ் அட்டை. மேசைக் கணினியில் அது பெட்டிக்குள்ளேயே அமர்ந்திருக்கும். மெல்லிய மடிக்கணினிக்குள் பெரிய அட்டைக்கு இடமேது? ஆகவே அதைத் தனிப் பெட்டியில் வைத்து, தனியே மின்சாரம் கொடுத்து, 'தண்டர்போல்ட்' என்னும் கேபிளால் இணைக்கிறார்கள். 2015இல் அறிமுகமான தண்டர்போல்ட் 3 இம்முறையை எளிதாக்கியது.

"இதை வாங்கிவிட்டால் அண்ணன் விளையாடலாம், நான் வீடியோ எடிட்டிங் செய்யலாம்" என்கிறாள் ஒரு தோழி. ஆசை தவறன்று. ஆனால் வாங்குமுன் சிந்திக்க வேண்டாமா?

நம் படவேட்டுக்கு அருகே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. அணை நிரம்பி வழிந்தாலும் மடை குறுகலாக இருந்தால் வாழைத் தோப்புக்கு வரும் நீர் கொஞ்சம்தானே? மேசைக் கணினியில் பெரிய அட்டைக்கு வழக்கமாக 16 தடங்கள் உண்டு. தண்டர்போல்ட் 3 வழியே கிடைப்பவை 4 தடங்களே. அட்டை எவ்வளவு வலியதாயினும் மடை அவ்வளவுதான்! விளையாட்டில் நொடிதோறும் பல படங்கள் உருவாகி, மடிக்கணினியின் திரைக்கே திரும்புமானால், அதே மடையில் நெரிசல் கூடும். தனித் திரையை அட்டையிலேயே இணைத்தால் ஓரளவு குறையும். வீடியோ வேலையில் இந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வெட்டி ஒட்டும் சாதாரண வேலைக்கு அட்டையைவிட நினைவகமும், வேகமான எஸ்.எஸ்.டி.யுமே பெரிதும் உதவும்.

அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் உள்ளன. அவற்றில் தண்டர்போல்ட் வசதி கிடையாது. வசதியுள்ள கணினிகளிலும் நிலைமை மாறுகிறது. 2018இல் தன் மேக் கணினிகளில் இதற்கு இடமளித்த ஆப்பிள் நிறுவனம், 2020இல் தன் சொந்தச் சில்லுடன் வெளியிட்ட கணினிகளில் அந்த வசதியைத் தரவில்லை. மேலும், மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும். அட்டைப் பெட்டியோ நின்றுவிடும். சேமிக்காத வேலையும் போய்விடக்கூடும்.

அப்படியானால் இது வீண் பொருளா? இல்லை. தகுந்த மடிக்கணினி ஏற்கெனவே உள்ளவர்க்கு, வெளியே எடுத்துச் செல்லவும் வீட்டில் கனத்த வேலை செய்யவும் ஒரே கணினி வேண்டுவோர்க்கு, இது நல்ல துணை. நம் போன்றோர்க்கு வேறு வழி உண்டு. பெரிய காட்சிகளுக்குச் சிறிய நகல்களை உண்டாக்கி, அவற்றில் எடிட்டிங் செய்து, இறுதியில் அசலுக்கு மாற்றிக்கொள்ளும் 'பிராக்ஸி' முறையில் எளிய கணினியே போதும். கனத்த வேலைக்கோ, உள்ளேயே அட்டை பொருத்திய மேசைக் கணினி ஒன்று பள்ளியில் பொதுவாக இருக்கட்டும்; மாணவியர் முறை வைத்துப் பயன்படுத்தட்டும். அதே அட்டைக்குப் பெட்டியும் கேபிளும் வாங்கும் செலவு மிச்சம், வேகமும் அதிகம். வீட்டுக் கணினி அண்ணன் கையிலேயே இருக்கும் தங்கைக்கும் அங்கே ஓர் இருக்கை கிடைக்கும்!

படம் எடுக்க நம்மிடம் பொருளா இல்லை? ஜவ்வாது மலையில் சாமை குத்தும் பாட்டியின் கை, ரேணுகாம்பாள் கோயில் திருவிழாக் கூட்டம், வாழைத்தார் ஏற்றும் அப்பாவின் முதுகு - இவற்றை நாம் பதிவு செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்? விவிலியத்தில் ஒரு தாலந்து பெற்றவன் செய்த தவறு, குறைவாகப் பெற்றதன்று. பெற்றதைப் புதைத்து வைத்ததே.

தோழியரே, இல்லாத அட்டைக்கு ஏங்கி, இருக்கும் கணினியைப் புதைத்து வைக்காதிருப்போம். மடை அறிந்து நீர் பாய்ச்சுவோம்; விளைச்சல் தானே வரும்!