மழையை ஏசியது போதும், டிப்பரை நிறுப்போம்

எங்கள் பாடசாலை வீதிக்குக் காபட் போட்ட நாளில் ஊரே சந்தோஷப்பட்டது. இரண்டு மாரி முடியவில்லை. டயர் போகும் தடம் இரண்டும் தாழ்ந்து, ஓரம் வெடித்து, குழியில் தண்ணீர் நிற்கிறது. சைக்கிளில் வரும் பிள்ளைகள் விழுந்தெழும்பி, வெள்ளைச் சட்டையில் சேற்றோடு வகுப்புக்கு வருகிறார்கள். நாங்கள் மழையை ஏசுகிறோம், கொந்தராத்துக்காரரை ஏசுகிறோம். அதே வீதியால் போகும் மணல் டிப்பர்களைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

மழையா, பாரமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், பரிசோதனைக்கென்றே ஆறு வளைய வீதிகள் போட்டார்கள். தடிப்பைக் கூட்டியும் குறைத்தும் போட்டு, 1958 முதல் 1960 வரை இராணுவத்தினரை வைத்து இரவு பகலாக லொறி ஓட்டினார்கள். ஒரு வளையத்தில் மட்டும் வாகனமே விடவில்லை. காலநிலை தனியாக என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் அது.

அந்தச் சோதனையிலிருந்து வந்த கணக்கு இன்றும் வீதிப் பொறியியலில் பாவனையில் இருக்கிறது. ஒரு அச்சில் இறங்கும் பாரம் கூடினால், சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் வலுவில் கூடும். சுட்டி படித்த பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 8 தொன் அச்சில் 12 தொன் ஏற்றினால், ஒரு பயணம் ஐந்து பயணத்தின் சேதத்தைச் செய்கிறது.

மழைக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. வெடிப்பால் இறங்கும் தண்ணீர் அடித்தளத்தை இளக வைக்கும். பிறகு அதே டிப்பர் வந்து மிச்சத்தையும் முடிக்கும்.

நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. வீடு கட்டும்போது "கொஞ்சம் கூடப் போட்டு அனுப்புங்க" என்று சொல்பவர்கள் நாங்கள்தான். அந்த மிச்சக் காசு வீதியிலிருந்து களவெடுத்தது. பொது வீதி எல்லோருடைய அமானிதம்.

ஆகவே இரண்டு விடயம் கேட்போம். திறப்பு விழாப் பலகையில் பெயர்களுக்குக் கீழே, இந்த வீதி எத்தனை தொன் அச்சுக்குப் போடப்பட்டது என்றும் எழுதுங்கள். மணல் ஏற்றும் இடத்திலேயே நிறுத்து அனுப்புங்கள்.

அடுத்த லோட் மணலுக்குச் சொல்லும்போது, அளவோடு ஏற்றச் சொல்வது எங்கள் பொறுப்பு.