துப்பாக்கி லைசென்ஸ் யாருக்கு? விதி 3ஐப் படிப்போம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பி ஒருவர் எங்கள் கூட்டத்தில் கேட்டார்: "அண்ணா, ஊருக்குள்ள சிலர் லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்காங்க. சேரிக்காரன் கேட்டா குடுப்பாங்களா?" பலர் சிரித்தார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதில் விதி 3 முன்தடுப்பு பற்றியது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையென்றால் நம் மக்களுக்கு உரிமம் வழங்க வேண்டும்.

இந்த விதி சும்மா வந்ததல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்த நிலவுடைமைக் கும்பலின் கையில் துப்பாக்கி இருந்தது. குண்டுக்குப் பயந்து குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

"ஆயுதச் சட்டம் சாதி பார்க்காது" என்று அதிகாரிகள் சொல்லலாம். குடகைப் பாருங்கள். குடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உரிம விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பிறப்பையும் நிலத்தையும் பார்த்துச் சலுகை தரத் தெரிந்த அரசுக்கு, ஆபத்தைப் பார்த்துப் பாதுகாப்பு தரத் தெரியாதா?

அதற்காக ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கச் சொல்கிறோமா? இல்லை. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் பேருந்தை மறித்து அரிவாளால் வெட்டினார்கள். இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தாலும் அந்தக் கும்பலிடமிருந்து தப்பியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. அதோடு நம் பையன் கையில் துப்பாக்கி இருந்தால், அது லைசென்ஸ் துப்பாக்கியாகவே இருந்தாலும், முதலில் அவன் மேல்தான் வழக்கு வரும். ஆகவே நம் முதல் கோரிக்கை, ஆதிக்கத்தின் கையிலிருக்கும் ஆயுதத்தை வாங்கி வை என்பதுதான்.

நம் மாவட்டத்திலேயே 2020 சுதந்திர தினத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தியான பிறகுதான் ஆட்சியர் வந்து ஏற்ற வைத்தார். தோக்கமூர் தீண்டாமைச் சுவர் 2022 அக்டோபரில்தான் இடிந்தது. எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் நிர்வாகம் வருகிறது. விதி 3 நடப்பதற்கு முன்பே வரச் சொல்கிறது.

மாணவத் தோழர்களே, துப்பாக்கி உரிமம் வழங்குவது மாவட்ட நிர்வாகம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்:

1. மாவட்டத்தில் வன்கொடுமை நடக்கக்கூடியவை என அடையாளம் கண்ட ஊர்கள் எவை?
2. அந்த ஊர்களில் எத்தனை துப்பாக்கி உரிமங்கள் உள்ளன?
3. விதி 3இன்படி இதுவரை எத்தனை ரத்தாயின?
4. அதே விதிப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேருக்கு உரிமம் தரப்பட்டது?

பெயர், முகவரி கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். எண்ணிக்கை போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரும் பதிலை ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட விழிக்கண் குழுவில் வைப்போம். "பூஜ்யம்" என்று வந்தாலும் அதுவும் நமக்கு ஆதாரம்தான்.

ஜெய் பீம்.