காப்பார் சாலையில் ஒரு மழை நாள்

வெளிநாடு போன நண்பர்கள் திராட்சைத் தோட்டத்தில் கோப்பையோடு நின்று படம் அனுப்பும்போதெல்லாம், நமக்கென்ன இருக்கிறது என்று சிலருக்கு ஏக்கம். நமக்குத் தென்னை இருக்கிறது. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்திலிருந்து காலையில் இறக்கும் கள் இனிக்கும். வெயில் ஏற ஏறத் தானே நுரைத்து, சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். பத்து வருஷம் பூட்டிவைத்துப் பெருமை பேச முடியாது.

அதைத் தேடித்தான் போன மாதம் நாங்கள் நால்வர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மைவியில் கிளம்பினோம். வண்டி ஓட்டுபவர் தொடக்கூடாது என்பது முதல் ஒப்பந்தம். பங்சார் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கும்பலாக ஒதுங்கி நின்றார்கள். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு. பிறகு காப்பார் சாலை.

தொழிற்சாலைகளும் செம்பனையுமாக இருக்கும் இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை. துரைமாருக்கு அது வசதி. ஆள் வெளியே போகமாட்டான். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றைப் பாருங்கள்: சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. முன்னின்ற ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துருப்புகள் வந்தன. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். போருக்குப் பின் 1947இல் கெடாவில் தொண்டர் படையும் கள்ளுக்கடையை எதிர்த்துத்தான் திரண்டது. நம் பாட புத்தகங்களில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

கடை என்றால் தகரக் கூரை, நாலு மேசை, பிளாஸ்டிக் குவளை. கூட வந்த தம்பி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "புளிச்ச இளநீர் மாதிரி இருக்கு லா," என்றான். அக்கா மட்டும் காரை விட்டு இறங்கவில்லை.

"அம்மாவுக்கு அப்ப எட்டு வயசு. சம்பள நாள்ல தாத்தாகிட்ட மிச்சக் காசை வாங்கிட்டு வான்னு பாட்டி அனுப்புவாங்களாம். உள்ள போகக்கூடாது. வாசல்ல நின்னு கூப்பிடணும். சில நாள் ரெண்டு மணி நேரம்."

தம்பி விடவில்லை. "கடையை மூடின இடத்துல எல்லாம் சம்சு வந்துச்சே அக்கா. அது ஆளையே கொன்னுச்சு."

"கொன்னுச்சுதான். அதுக்காக இது நல்லதுன்னு ஆயிடுமா?"

இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனாலும் நான் அக்கா பக்கம். வாசலில் நின்ற பிள்ளைக்குக் கள்ளும் சம்சுவும் ஒன்றுதான்.

தம்பி ஒரு போத்தல் வாங்கினான். "மூடியை இறுக்காதீங்க தம்பி, வெடிச்சிரும்," என்றார் கடைக்காரர். மழையில் கண்ணாடியை இறக்கவும் முடியாமல் கார் முழுக்கப் புளிப்பு வாடை. மேரு தாண்டும்வரை யாரும் பேசவில்லை. அப்புறம் அக்கா பின்னால் திரும்பினார்.

"அதுல அரைக் குவளை எனக்கு எடுத்து வை. அம்மா ஆப்ப மாவுக்குக் கேட்டாங்க."