பதினாறு பென்ஸும் தொண்ணூறு ரூபாயும்

1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த தொண்டர்களுக்குத் தலைமை ஏற்றவர், சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய ராஜாஜி. வழியெல்லாம் அவர்கள் பாடிச் சென்ற பாட்டு நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையுடையது. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ஆண்டு ஜனவரியில் வைஸ்ராய் இர்வின் முன் காந்தி வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரி ஒழிப்பு மட்டும் நம் நினைவில் தங்கிவிட்டது. அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து ஒரு ஷில்லிங் 4 பென்ஸுக்குக் குறைக்க வேண்டும்.

குறைக்கத்தான் கேட்டார், கூட்டுவதற்கு அல்ல. டாலர் 90 ரூபாயைத் தாண்டியதும் நாட்டின் மானமே போய்விட்டதாகப் பதறுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

கணக்கு எளிது. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 1927-ல் வெள்ளை அரசு சட்டமாக்கிய விகிதப்படி ரூபாய்க்கு 18 பென்ஸ். ஆக ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. காந்தி கேட்ட 16 பென்ஸ் என்றால் பவுண்டுக்கு 15 ரூபாய். நிலக்கடலையையும் தோலையும் கப்பலேற்றியவர்களுக்குப் பவுண்டு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் கை நழுவியது. லங்காஷயர் துணியோ அந்த அளவுக்கு மலிவாக இங்கே வந்து இறங்கியது. சேலத்துத் தறிக்காரருக்கு அந்த ‘வலுவான ரூபாய்’ எதிரியாகவே இருந்தது.

விடுதலை அடைந்த நாளிலும் அதே 13.33 விகிதம்தான். அன்று பவுண்டு 4.03 டாலர், எனவே டாலருக்கு ஏறத்தாழ 3.30 ரூபாய். 1947-ல் ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு ஆதாரமே இல்லை. 1949-ல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது நாமும் கூடவே இறங்கினோம்: டாலர் 4.76 ரூபாய்.

1966 ஜூன் 6-ல் அது 7.50 ஆனது. அமைச்சரவையில் இதை ஆதரித்தவர் சி. சுப்பிரமணியம், தன்னைக் கலக்காமல் செய்துவிட்டார்களே என்று கொதித்தவர் காங்கிரஸ் தலைவர் காமராஜர். அடுத்தடுத்து வறட்சி, விலைவாசி ஏற்றம். எதிர்பார்த்தபடி ஏற்றுமதி பெருகவில்லை. 1991 ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாக 21 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 26-க்குப் பக்கம் கொண்டுபோனார்கள். அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் வெங்கிடரமணன், துணை ஆளுநர் ரங்கராஜன், வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம். இந்த முறை பலித்தது. காரணம் ரூபாயின் மதிப்புக் குறைப்பு மட்டுமல்ல, கூடவே லைசென்ஸ் தளைகளும் அறுந்தன என்பதே என் கணிப்பு. 1993 மார்ச் முதல் விகிதம் சந்தையின் கையில்.

இனி முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல்லுக்கு வருவோம். ஏற்றுமதி முட்டை 360 கொண்ட பெட்டிகளில் போகிறது, பேரம் டாலரில். ஓமன் ரியாலும் அமீரகத் திர்ஹமும் டாலரோடு கட்டப்பட்டவை என்பதால் வளைகுடாவுக்கு அனுப்பினாலும் கணக்கு டாலர்தான். பெட்டி 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85-லிருந்து 90 ஆனால் பெட்டிக்கு 125 ரூபாய், அதாவது முட்டைக்கு 35 காசு கூடும். கண்டெய்னருக்குச் சுமார் 4.7 லட்சம் முட்டை. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் ஆதாயம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மஸ்கட் வியாபாரியும் அதே விகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலையைக் குறைக்கச் சொல்வார். துருக்கியும் முட்டை விற்கிற நாடுதான்; அதன் லிரா 2020 தொடக்கத்தில் டாலருக்கு 6, 2025-ல் 40-ஐத் தாண்டியது. நாணயம் விழுந்தால் சந்தை கைக்கு வரும் என்றால் துருக்கி வளைகுடாவையே பிடித்திருக்க வேண்டும். உள்ளூர் விலைவாசி அந்த ஆதாயத்தைத் தின்றுவிட்டது.

இங்கும் பண்ணையாளருக்குக் கிடைப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) அறிவிக்கும் விலை. அவர் முட்டையில் பெரும்பங்கு உள்நாட்டில்தான் விற்கிறது. தீவனத்தில் சேரும் மெத்தியோனினும் வைட்டமின்களும் டாலர் கொடுத்து வாங்குபவை.

லாரி உரிமையாளர் நிலை இன்னும் மோசம். அவருக்கு டாலர் வரவு ஒரு காசு கிடையாது. செலவு மட்டும் டாலரின் நிழலில். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2014 அக்டோபரில் டீசல் விலையைச் சந்தைக்கு விட்டாயிற்று என்றார்கள். 2020-ல் கச்சா எண்ணெய் சரிந்தபோது, அந்த மே மாதம் லிட்டருக்கு 13 ரூபாய் வரி போட்டு மத்திய அரசே எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும்தான் அந்த உயர்வைத் திரும்பப் பெற்றது. ஏறும்போது சந்தை, இறங்கும்போது கஜானா! லோடு வாடகையோ டீசலோடு சேர்ந்து ஏறுவதில்லை.

காந்தி காலத்தில் இந்தச் சேலம், நாமக்கல் வட்டாரம் பெரும்பாலும் விற்கிற பக்கம் நின்றது. இன்று ஒரே ஊரில் ஒருவர் விற்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் டீசல் போடுகிறார். எனவே 90 என்ற எண்ணைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி டாலரைக் கரைக்க வேண்டாம்; திடீர்க் குலுக்கலைத் தடுத்தால் போதும். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள வங்கிக் கிளைகள், பெரிய நிறுவனங்களுக்குச் செய்துதரும், டாலர் விகிதத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தை இரண்டு கண்டெய்னர் அனுப்புகிறவருக்கும் அதே கட்டணத்தில் செய்துதர வேண்டும். ரூபாய் சரிகிற மாதங்களில் டீசல் மீதான கலால் வரியை மத்திய அரசு தானாகக் குறைக்கும்படி விதி எழுத வேண்டும். நம் தொகுதி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியது இதைத்தான்.