ஒய்பிக்குப் போன் போடாதீர்கள்

ஹாலிவுட் படங்களில் போலீஸ்காரர் கைவிலங்கு மாட்டிக்கொண்டே, ‘நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒப்பிப்பார். அந்த வசனம் எனக்குப் பதின்மூன்று வயதிலேயே மனப்பாடம். 1966இல் மிராண்டா என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து வந்தது அது என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால், சுங்கை புரோங்கில் பிறந்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கு, என் சொந்த நாட்டில் ஒருவனைப் பிடித்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று இருபத்து நான்கு வயதுவரை தெரியாது.

தெரிய வந்தது ஓர் இரவில். மாமா பையனுக்குப் பத்தொன்பது வயது. மோட்டாரில் வந்தவனை ரோட் பிளாக்கில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் மாமாவும் பாலாய்க்கு ஓடினோம். முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டிய மனிதர், மகன் வயது போலீஸ்காரர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, “தோலோங்லா துவான்” என்று நின்றார். நானும் பக்கத்தில் அப்படியேதான் நின்றேன். ஏன் பிடித்தீர்கள் என்று இருவருமே கேட்கவில்லை. வீட்டிலிருந்து போன்மேல் போன். “ஒய்பிக்குச் சொல்லியாச்சா?” “கோயில் தலைவருக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் இருக்காராம்.” வக்கீல் என்ற சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். எதற்காகப் பிடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் மாமா ஒரு கூடைப் பழம் வாங்கிக்கொண்டு, ‘பேசி வெளியே எடுத்த’ கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

அந்தப் பழக்கூடைதான் என் கோபம். சட்டப்படி நமக்குச் சேர வேண்டியதை யாரோ போட்ட பிச்சையாக வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதிப்படி, கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இன்னும் தெளிவு. விசாரணையைத் தொடங்குவதற்கு முன்பே, உறவினருக்கோ நண்பருக்கோ தான் இருக்கும் இடத்தைச் சொல்லலாம், வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளலாம் என்று போலீஸே அவரிடம் சொல்ல வேண்டும். 112ஆம் பிரிவின்படி, தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். ஆக, அந்த ஹாலிவுட் வசனத்துக்கு நம் சட்டத்திலும் ஓர் உறவு உண்டு.

28ஏ நடைமுறைக்கு வந்தது 2007 செப்டம்பரில். அதே ஆண்டு நவம்பர் 25இல் ஹிண்ட்ராஃப் பேரணிக்காக நம்மவர்கள் கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். வீதிக்கு வரும் துணிச்சல் நமக்கு இருக்கிறது. பாலாய் மேசைக்கு முன்னால் அது எங்கே போகிறது?

எனக்குத் தெரிந்த பதில் தோட்டத்தில் இருக்கிறது. வீடு தோட்டத்தினுடையது, தண்ணீர், ஆயாக்கொட்டகை, டிஸ்பென்சரி எல்லாம் துரை மனம் வைத்தால்தான். எதையும் ஓர் ஆள் வழியாகக் கேட்டு வாங்கப் பழகிவிட்டோம். கங்காணி போய் ஒய்பி வந்தார். கட்டிய கை அவிழவில்லை. இன்னொரு நோயும் உண்டு: “தப்பு பண்ணாமலா போலீஸ் புடிக்கும்?” தப்பு செய்தவனுக்கும் சேர்த்துத்தான் 5ஆம் விதி.

இலக்கியம் படிக்கும் நாமாவது வேறா? 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்டுக்காக நானும் இன்ஸ்டாகிராமில் கறுப்புக் கட்டம் போட்டேன். மறு ஆண்டு பால் வியாபாரி கணபதி, போலீஸ் காவலில் இருந்து மருத்துவமனைக்குப் போய், ஏப்ரல் 18இல் இறந்தார். அதற்கும் கவிதைகள் வந்தன. நம் கதைகளில் லோக்கப் என்பது விதி மாதிரி வருகிறது. உள்ளே போனவன் அழுவான் அல்லது சாவான். வெளியே நிற்கும் அக்கா ஒருத்தி மணி பார்த்து, “எந்தச் சட்டத்தில் பிடித்தீர்கள்?” என்று கேட்கிற கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

“28ஏ சொன்னா அடிக்க மாட்டானா?” என்று கேட்பீர்கள். அடிக்கலாம். தனி அறையில் இருக்கும் பையனுக்குச் சட்டப் பிரிவு கவசம் ஆகாது. அந்தப் பிரிவை உயிரோடு வைத்திருப்பது வெளியே இருப்பவர்கள்தான். 2009 ஜனவரியில் குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தபோது, நுரையீரலில் நீர் கோத்தது என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் சவக்கிடங்கில் நுழைந்து உடலின் காயங்களைப் படமெடுத்தார்கள். இரண்டாவது பரிசோதனைக்குப் போராடினார்கள். அடித்ததால்தான் இறந்தார் என்பது அதில் வெளிவந்தது. தாயார் வழக்குத் தொடுத்தார். 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மகன் திரும்பவில்லை. ஆனால் பொய் பொய்யென்று பதிவானது. இதை எந்த ஒய்பியும் போன் போட்டுச் சாதிக்கவில்லை.

சட்டம் முழுக்க நம் பக்கம் என்றும் சொல்ல வரவில்லை. 2012இன் சொஸ்மா சட்டத்தில் நீதிமன்றத்துக்கே கொண்டுபோகாமல் 28 நாள் வைத்திருக்கலாம். வழக்கறிஞரை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். 28ஏவுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அதற்கு டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அந்த விலக்கைக் காட்டி மறுக்கிறார்களா என்று கேட்கவாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்ற தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் கைது, ரிமாண்ட் நிலையிலேயே இலவச வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருகிறது. அதன் எண்ணை இன்றே போனில் பதிந்துவையுங்கள். கோயில் திருவிழா நோட்டீசின் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. 28ஏவைத் தமிழில் அதில் அச்சடிக்கலாம்.

நடுராத்திரியில் போன் வந்தால், “யாரைத் தெரியும்?” என்று தொடங்காதீர்கள். “எத்தனை மணிக்குப் புடிச்சாங்க?” என்று கேட்டு எழுதிவையுங்கள். அந்த நிமிஷத்திலிருந்துதான் 24 மணி நேரம் ஓடத் தொடங்குகிறது.