எனக்குத் தொண்டு, அவருக்குத் தொழில்!

1851-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். பிரஷிய அரசு ஒரு தடையாணை பிறப்பித்தது. எதற்குத் தடை? வெடிமருந்துக் கிடங்குக்கா? புரட்சிக்காரர் பாசறைக்கா? அல்ல தோழர்களே, மழலையர் ஆடிப் பாடும் இடத்துக்கு! ஃபுரோபெல் என்ற ஆசிரியர் கண்ட ‘கிண்டர்கார்ட்டன்’ எனும் குழந்தைத் தோட்டம் நாத்திகத்தையும் சமதர்மத்தையும் விதைக்கிறதாம்! அடுத்த ஆண்டே அவர் கண்மூடினார். தடை நீங்கியதோ 1860-இல். கம்பளிப் பந்தையும் மரக்கட்டையையும் கண்டு மணிமுடி நடுங்கிய விந்தை அது.

1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில், பாட்டாளிகள் வாழ்ந்த அடுக்குமாடிகளின் நடுவே, மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைக் கெடுக்கிறார்களே என்று கட்டட உரிமையாளர்கள் கவலைப்பட்டார்கள்; அந்தக் கவலைதான் அதற்கு வித்து! இன்றோ அந்த அம்மையாரின் பெயர், மாதக் கட்டணம் கட்ட வல்லார் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிப் பலகைகளிலே தொங்குகிறது.

நம் வண்ணாரப்பேட்டைக்கு வருவோம். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் துணிக்கடைக்கும் தாயும் தந்தையும் சென்றபின், பிள்ளை யார் மடியில்? பால்வாடியின் மடியில்! 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடியைத்தான் மக்கள் இன்னும் அப்படி அழைக்கிறார்கள்.

பட்டம் பெறாமல் கல்லூரியை விட்டு வந்தவன் நான். அங்கே இருந்த நாளில் நாட்டு நலப்பணித் திட்டத்திலே பெயர் கொடுத்திருந்தேன். ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு. வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றின் பால்வாடிக்கு அனுப்பினார்கள். நானோ பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன்! சிங்கமும் முயலும் கதையை ஏற்ற இறக்கத்தோடு எடுத்து விளம்பினேன். சிங்கம் கர்ச்சித்ததும் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைப் பார்த்து ஆறு குழந்தைகள் அழுதன. என் மேடை வாழ்விலே அவ்வளவு விரைவில் கலைந்த கூட்டம் வேறில்லை.

ஆயா வந்தார். ஒன்றும் பேசவில்லை. தரையிலே ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொட்டி உட்கார்ந்தார். அழுகை அடங்கியது, பத்துப் பிஞ்சு விரல்கள் எண்ணத் தொடங்கின. அவருக்கோ அதன்பின் அடுப்பு இருந்தது, எடை பார்ப்பது இருந்தது. டீச்சருக்குப் பதிவேடுகள் இருந்தன. ஆண்டு முடிவில் எனக்குச் சான்றிதழ் வந்தது. அதைக் காட்டியபோது ஆயா சொன்னார்: “நல்லாரு தம்பி. நாங்களும் தொண்டுதான் செய்யறோமாம். ஆனா நீ போயிடுவ, நாங்க இங்கயேதான்.”

அந்தச் சொல் இன்றும் தைக்கிறது. தொண்டு என்று பெயரிட்டால் ஊதியம் என்று கேட்க முடியாதல்லவா? ஆகவே அதற்கு மதிப்பூதியம் என்று பெயர்! 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. சேர்த்தும் முழுமையான காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வரவேண்டியிருந்தது. சட்டம் பிறந்ததோ 1972-இல்!

அப்படியானால் மாணவர்கள் போகவே கூடாது, கூலியில்லாக் கையைக் காட்டிக் காலியிடத்தை நிரப்பாமல் விடுவார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். அச்சம் நியாயமானது, முடிவு தவறானது. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே நண்பகல் உணவு தொடங்கியபோது, மாநகராட்சித் தலைவராக வீற்றிருந்தவர் வண்ணாரப்பேட்டைத் தியாகராயர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்க்கே விளங்கும். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1950 முதல் அதே பேட்டையில் நிற்கிறது. அங்கே பயிலும் தம்பி தங்கையர் போகட்டும். கதை சொல்ல மட்டும் அல்ல; குடத்தைத் தூக்கவும், எடைப் பதிவேட்டை எழுதவும், மூக்கைத் துடைக்கவும் போகட்டும்.

ஆண்டு இறுதியில் கல்லூரிக்கு அறிக்கை எழுதுவார்களே, அதிலே ஒரு பக்கம் கூட்டட்டும்: எத்தனை பணியிடம் காலி, கூரை ஒழுகுகிறதா, கழிவறைக்குக் கதவு உண்டா, ஆயாவுக்கு ஊதியம் எவ்வளவு. அந்தப் பக்கத்தின் படி ஒன்று வட்ட மாமன்ற உறுப்பினர் கைக்குப் போகட்டும். அவர் நம்மவராயினும் சரியே.